ஊதுபாறைப் பொந்தில் ஒன்றுமில்லை

செங்குளத்துக் காட்டில் பட்டையன் என்றொரு உடும்பு இருந்தது. காலி பார்ப்பது அதன் வேலை.

அது என்ன வேலை என்று கேட்பீர்கள். செங்குளம் கோடையில் வெறும் குட்டை. மழைக்காலத்தில் அதன் கரை எங்கே என்று தேட வேண்டும். அதனால் கரையோரம் வளை தோண்டி வாழும் பிராணிகள் ஐப்பசி பிறந்ததும் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு பாறைமேட்டுக்கு ஏறிவிடும். மேட்டில் பொந்துகள் குறைவு. ஒரே பொந்துக்கு இரண்டு பேர் போட்டி போட்டால் பல்லும் நகமும்தான் பேசும். அந்தச் சண்டையைத் தவிர்க்கத்தான் காட்டில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள்.

பொந்து வேண்டுபவர் பட்டையனைக் கூப்பிட வேண்டும். பட்டையன் பொந்துக்குள் தலையை விட்டு, பிளவுபட்ட நாக்கை நீட்டித் துழாவிப் பார்க்கும். உள்ளே யாராவது இருந்தாலும், போன வாரம் யாராவது இருந்துவிட்டுப் போயிருந்தாலும், அந்த நாக்குக்கு வாசனை தெரிந்துவிடும். வாசனை ஏதும் இல்லையென்றால் தலையை வெளியே எடுத்து, நாலு பேர் கேட்க மூன்று முறை "காலி" என்று சொல்லும். அந்த நிமிடமே பொந்து கேட்டவருக்குச் சொந்தம். மழை ஓயும்வரை வேறு யாரும் அங்கே கால் வைக்கக் கூடாது. மழைக்காலத்தில் யாரும் யாரையும் தின்னவும் கூடாது. அது தனி வழக்கம்.

சொன்னதை மாற்றவும் ஒரு வழி உண்டு. பட்டையனே வந்து, நாலு பேர் முன்னால், "காலியில்லை, நான் தப்பாகச் சொன்னேன்" என்று மூன்று முறை சொல்ல வேண்டும். ஆனால் அப்படிச் சொன்ன பிறகு அந்த வேலை அதற்கு இல்லை. தவறிய நாக்கை மறுபடி யார் நம்புவார்கள்?

ஏழு வருஷமாகப் பட்டையனுக்கு அந்த நிலை வரவில்லை. அந்தப் பெருமை அதன் நடையிலேயே தெரியும். பாதையின் நடுவில்தான் நடக்கும். எதிரே முள்ளம்பன்றி வந்தால் முள்ளம்பன்றிதான் ஒதுங்க வேண்டும்.

"இருக்கறத யாரு வேணா சொல்லிடலாம். இல்லாதத இல்லன்னு சொல்றதுக்குத்தான் அறிவு வேணும்" என்று அது அடிக்கடி சொல்லிக்கொள்ளும். கேட்பவர்கள் தலையை ஆட்டுவார்கள். அடுத்த மழைக்கு அவர்களுக்கும் பொந்து வேண்டுமே.

அந்த வருஷம் செம்பி என்ற கீரி மேட்டுக்கு வந்துசேரத் தாமதமாகிவிட்டது. நாலு குட்டி போட்டுப் பத்தே நாள் ஆகியிருந்தது. கண் திறக்காத குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வருவதற்குள் நல்ல பொந்தெல்லாம் போய்விட்டன. மீதி இருந்தது ஊதுபாறைப் பொந்து ஒன்றுதான்.

அது மேட்டின் அடிவாரத்தில், குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது. குளத்துக்கும் அதற்கும் நடுவே பெரிய பாறை மதில்போல நின்றதால் தண்ணீர் அந்தப் பக்கம் வரும் என்று யாரும் நினைத்ததில்லை. அதற்கு ஏன் ஊதுபாறை என்று பெயர் வந்தது என்றும் யாரும் யோசித்ததில்லை. கடந்த ஏழு வருஷமும் மழை சுமார்தான். அந்தப் பொந்து யாருக்கும் தேவைப்படவில்லை.

"அண்ணே, இது ஒண்ணுதான் மிச்சம். பாத்துச் சொல்லுங்க" என்றது செம்பி.

பட்டையன் தலையை உள்ளே விட்டது. நாக்கை நீட்டித் துழாவியது. எலி வாசனை இல்லை. பாம்பு வாசனை இல்லை. ஒரு கரப்பான்பூச்சி வாசனைகூட இல்லை. ஏதோ குளிர்ச்சியாக மூக்கில் பட்டது. ஆனால் அதற்கு வாசனை இல்லை. வாசனை இல்லாத எதையும் பட்டையன் கணக்கில் சேர்ப்பதில்லை.

அது தலையை வெளியே எடுத்துக் கழுத்தை உயர்த்தியது.

"காலி. காலி. காலி. என் வாழ்நாள்ல இப்படி ஒரு காலியைப் பாத்ததில்ல. உள்ள ஒண்ணுமே இல்ல."

"இருக்கு" என்றது ஒரு குரல்.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பொந்துக்கு நேர்மேலே பாறை விரிசலில் நொச்சி என்ற வௌவால் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கண் மட்டும் திறந்திருந்தது. பட்டப்பகலில் தூக்கம் கலைந்த கடுப்பு அந்த ஒரு கண்ணிலேயே தெரிந்தது.

"யாரு இருக்கா?" என்றது பட்டையன்.

"யாரும் இல்ல."

"அப்ப என்ன இருக்கு?"

"அது தெரியல."

கூட்டம் சிரித்தது. பட்டையனும் சிரித்தது. நொச்சி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தது.

"மூணு நாளா இந்தப் பொந்து மூச்சு விடுது. போகும்போது வரும்போது என் இறக்கையில படுது. உள்ள குரல் கொடுத்துப் பாத்தேன். எந்தப் பொந்தா இருந்தாலும் குரல் கொடுத்தா எனக்குத் திரும்பி வரும். எவ்வளவு நேரத்துல வருதுங்கறதை வச்சு ஆழம் சொல்லிடுவேன். முந்தாநாள் இதுல ரொம்ப நேரம் கழிச்சு வந்துச்சு. நேத்து அதைவிடச் சீக்கிரம் வந்துச்சு. இன்னைக்கு இன்னும் சீக்கிரம். உள்ள ஏதோ ஒண்ணு இருக்கு. ஏதோ ஒண்ணு மாறிக்கிட்டே இருக்கு."

"தலைகீழாத் தொங்குறவங்களுக்கு எல்லாமே தலைகீழாத்தான் தெரியும்" என்றது பட்டையன். "குரல் வருதாம், மூச்சு வருதாம். மூக்குக்கும் நாக்குக்கும் தட்டுப்படாத ஒண்ணு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? செம்பி, நீ குட்டிங்களைக் கொண்டுபோம்மா."

செம்பி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது.

"வௌவாலக்கா சொல்றதும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு. போலாமாண்ணே, வேணாமா?"

"நான் சொன்னா சொன்னதுதான்."

செம்பிக்குப் போக வேறு இடமும் இல்லை. அது குட்டிகளைக் கவ்வி ஒவ்வொன்றாகப் பொந்துக்குள், ஆழத்துக்கு இறங்கும் இருண்ட வெடிப்பு ஒன்றின் மேலிருந்த திட்டுக்குக் கொண்டுபோனது.

நொச்சி இரண்டாவது கண்ணையும் திறந்தது. கோபம் வந்தால்தான் அது அப்படிச் செய்யும்.

"பட்டையா, ஒரே ஒரு காலி இடம் காட்டு. உள்ள ஒண்ணுமே இல்லாத இடம். இந்தக் காட்டுலயே வேணாம், உலகத்துல எங்க இருந்தாலும் சரி. காட்டிட்டா நான் இந்தப் பாறையை விட்டே போயிடறேன். காட்ட முடியலன்னா நீ வந்து மூணு தரம் மாத்திச் சொல்லணும்."

"இவ்வளவுதானா? பொழுது சாயறதுக்குள்ள பத்து காட்டறேன்" என்றது பட்டையன்.

சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டும். முந்தின நாள்தான் வடக்கேயிருந்து வந்து இறங்கிய வாலாட்டிக் குருவி ஒன்று அங்கே தத்திக்கொண்டிருந்தது. வருஷாவருஷம் பனிமலையைத் தாண்டி வந்து மழைக்காலம் முடிந்து திரும்பிப் போகிற குருவி அது. இந்தக் காட்டில் அதற்கு உறவும் இல்லை, பகையும் இல்லை. அதையே சாட்சியாக அனுப்பினார்கள்.

பட்டையன் நேராகக் குளக்கரைக்குப் போனது. அங்கே தேன் எடுக்க வந்தவர்கள் எப்போதோ போட்டுவிட்டுப் போன சுரைக்குடுக்கை ஒன்று கிடந்தது. கழுத்துப் பக்கம் திறந்திருந்தது. அடியில் ஒரு சின்ன ஓட்டை. வெயிலில் காய்ந்து காய்ந்து வாசனையே இல்லாமல் போயிருந்தது. பட்டையன் நாக்கை விட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தது.

"பாத்துக்க. சுத்தக் காலி."

வாலாட்டி வாலை இரண்டு முறை ஆட்டியது. "கொஞ்சம் தண்ணியில அமுக்குங்கண்ணே."

"எதுக்கு?"

"சும்மா, பாக்கலாம்."

பட்டையன் இரண்டு முன்னங்கால்களையும் குடுக்கைமேல் வைத்து அமுக்கியது. குடுக்கை முண்டியது. முழு உடம்பையும் சாய்த்து அமுக்கியபோதுதான் கீழே போனது. அடி ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே ஏற, கழுத்து வழியாகப் புஸ்ஸென்று ஏதோ வெளியே வந்து பட்டையனின் மூக்கில் அடித்தது.

"இப்ப உங்க மூஞ்சியில அடிச்சது என்னண்ணே?"

"காத்து."

"ஒண்ணுமே இல்லாததுக்குள்ள இருந்து காத்து எப்படி வந்துச்சு?"

"காத்தெல்லாம் ஒரு பொருளா?"

"பொருள் இல்லன்னா உங்களை அது எப்படித் திருப்பித் தள்ளிச்சு? அமுக்க அவ்வளவு சிரமப்பட்டீங்களே."

பட்டையன் குடுக்கையைச் சேற்றில் நட்டதுபோல விட்டுவிட்டுக் கரையில் ஏறி உட்கார்ந்தது. ஒரு குருவியிடம் மாட்டிக்கொண்டோமே என்று மனதுக்குள் கறுவியது. ஆனால் உடும்புப்பிடி என்று சும்மாவா சொல்கிறார்கள்? அது விடவில்லை.

"சரி, காத்தும் ஒரு பொருள்னே வச்சுக்கலாம். காத்து இல்லாத இடம் ஒண்ணு இருக்கணுமே. நீ ஊர் சுத்தற ஆளு. எங்க இருக்கு சொல்லு."

வாலாட்டி யோசித்தது. "பனிமலை உச்சியில காத்து ரொம்ப கம்மி. இறக்கை அடிச்சா பிடி கிடைக்காது. எங்களைவிட உயரமாப் பறக்கற வாத்துங்க, இன்னும் மேல போகப் போக இன்னும் கம்மின்னு சொல்லும். அதுக்கும் மேல யாரும் போனதில்ல. ஒருவேளை காத்தே இல்லாமக்கூட இருக்கலாம்."

பட்டையன் துள்ளி எழுந்தது. "ஆங்! அதுதான் காலி. ஜெயிச்சாச்சு. வா, போய்ச் சொல்லலாம்."

"உங்க முதுகு சுடுதாண்ணே?"

"ஏன் சுடாது? நல்ல வெயில்."

"அந்த வெயில் எங்கேருந்து வருது? நீங்க சொல்ற அந்தக் காலி இடத்தைத் தாண்டித்தானே வருது. ஒரு இடத்துல வெளிச்சமும் சூடும் ஓயாம ஓடிக்கிட்டு இருந்தா, அங்க ஒண்ணுமே இல்லன்னு எப்படிச் சொல்றது?"

பட்டையன் மறுபடி உட்கார்ந்தது. இந்த முறை உட்கார்ந்த விதத்தில் பழைய மிடுக்கு கொஞ்சம் குறைந்திருந்தது.

"சரி. வெளிச்சம் வேணாம். பாறைக்கு அடியில, ஆழத்துல ஒரு குழி. வெளிச்சம் வராது. சூடு வராது. காத்தையும் எப்படியோ உறிஞ்சி எடுத்தாச்சு. மனசால நினைச்சுப் பாரு. அங்க என்ன இருக்கும்?"

"வடக்கு இருக்கும்."

"என்னது?"

"வடக்குண்ணே. நான் எங்க இருந்தாலும் வடக்கு எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியும். மேகத்துக்குள்ள மாட்டிக்கிட்டு இறக்கை நுனிகூடத் தெரியாம பறந்திருக்கேன். அப்பவும் உள்ளுக்குள்ள லேசா ஒரு இழுப்பு இருக்கும். பாறையால அதை மறைக்க முடியாது. கண்ணை மூடினாலும் போகாது. அது இல்லன்னா நான் இங்க வந்து சேர்ந்திருக்கவே மாட்டேன். அந்த இழுப்பு உங்க குழிக்குள்ளயும் இருக்கும்."

"அதையும் எடுத்துட்டா?"

"எடுத்து எங்கண்ணே வைப்பீங்க?"

பட்டையனுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. தோற்றுவிடுவோம் என்ற பயம் மட்டும் இல்லை. ஏழு வருஷமாகத் தான் பார்த்த பொந்துகளை அது ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தது. முயலுக்குக் கொடுத்த பொந்து, முள்ளம்பன்றிக்குக் கொடுத்த பொந்து, ஆமைக்குக் கொடுத்த பள்ளம். எல்லாவற்றிலும் காற்று இருந்திருக்கிறது. எல்லாவற்றிலும் இந்தக் குருவியின் வடக்கு இருந்திருக்கிறது. அப்படியானால் இத்தனை வருஷமாக நாலு பேர் கேட்கத் தான் சொன்னது எதைப் பற்றி? தன் நாக்கைப் பற்றித்தான் போலிருக்கிறது. அந்த நினைப்பு அதற்குப் பிடிக்கவில்லை. நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது.

எதிரே நாணல் மறைவில் குளத்தின் ஒரு மூலை கண்ணாடியாகக் கிடந்தது. காற்று அங்கே விழவில்லை. பட்டையன் அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எல்லாத்தையும் எடுத்துட்டா கடைசியில அந்த மூலை மாதிரி ஆயிடும்" என்றது, பாதி தனக்குள்ளேயே. "சலனமே இல்லாம."

"யாரு சொன்னா சலனமே இல்லன்னு?"

அந்தக் கண்ணாடியின்மேல் நீளக் கால்களைப் பரப்பிக்கொண்டு ஒரு நீர்ப்பூச்சி நின்றிருந்தது. ஒரு காலை எடுத்து உதறிவிட்டு மறுபடி ஊன்றிக்கொண்டது.

"பிறந்ததுலேருந்து தண்ணிமேலதான் நிக்கறேன். ஒரு நாளும் இது சும்மா இருந்ததில்ல. காத்து இல்லாட்டியும் நடுங்கும். மீன் இல்லாட்டியும் நடுங்கும். ரொம்ப மெல்லிசா, ஓயாம. உங்க காலு பெரிசு, உங்களுக்குத் தெரியாது. கரையில இருந்து பாக்கறவங்க எல்லாரும் இதைப் பாத்துட்டு அமைதின்னு சொல்லிட்டுப் போறாங்க. நானும் சண்டை போடறதில்ல."

வாலாட்டி பட்டையனைப் பார்த்தது. பட்டையன் தரையைப் பார்த்தது.

"ஆனா இன்னைக்கு நடுக்கம் ரொம்ப ஜாஸ்தி" என்று நீர்ப்பூச்சி தொடர்ந்தது. "காலைல நான் ஒதுங்கி நின்ன கல்லு இப்போ தண்ணிக்குள்ள போயிடுச்சு. மூணு நாளா ஏறிக்கிட்டேதான் இருக்கு. இங்க வெயில் அடிக்குது, மேல மலையில கொட்டுது போல."

அது சொல்லி வாய் மூடவில்லை. ஓடை வந்து சேரும் பக்கத்திலிருந்து இரைச்சல் கேட்டது. செம்மண் நிறத்தில் புதுவெள்ளம் குளத்துக்குள் இறங்கியது. நாணல்கள் சாய்ந்து நிமிர்ந்தன. கரையோரத் தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சாண் உயர்ந்தது. சேற்றில் நின்றிருந்த சுரைக்குடுக்கையைச் சுற்றித் தண்ணீர் ஏறியது. யாரும் அமுக்கவில்லை. ஆனாலும் குடுக்கையின் கழுத்திலிருந்து புஸ்ஸென்று மூச்சு வந்தது. பக்கத்தில் நின்ற பட்டையனின் மூக்கில் அது பட்டது.

குளிர்ச்சியாக, வாசனையே இல்லாமல்.

அந்தத் தொடுகை பட்டையனுக்குத் தெரியும். காலையில் ஊதுபாறைப் பொந்தில் தலையை விட்டபோது அதே மாதிரிதான் மூக்கில் பட்டது. குடுக்கையின் அடியில் தண்ணீர் ஏறினால் கழுத்து வழியாகக் காற்று வெளியே வருகிறது. அப்படியானால் பொந்து ஏன் மூன்று நாளாக மூச்சு விடுகிறது? நொச்சியின் குரல் ஏன் ஒவ்வொரு நாளும் சீக்கிரம் திரும்பி வருகிறது?

பாறைக்கு அடியில் குளத்துக்கும் பொந்துக்கும் வழி இருக்கிறது. தண்ணீர் கீழேயிருந்து ஏறிக்கொண்டிருக்கிறது.

"குட்டிங்க" என்றது பட்டையன். உடனே ஓடியது. வாலாட்டியும் பின்னாலேயே பறந்தது.

உடும்பு அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. ஊதுபாறைக்கு வந்து சேர்ந்தபோது பொந்து வாயிலிருந்த புல்லெல்லாம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து படபடத்தது. உள்ளேயிருந்து யாரோ குழல் ஊதுவதுபோலச் சத்தம் வந்தது. அந்தப் பாறைக்கு ஏன் அந்தப் பெயர் என்று இப்போது காதுள்ள யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

மேலே நொச்சி இறக்கையைப் பாதி விரித்தபடி தவித்துக்கொண்டிருந்தது. "இப்பக் குரல் கொடுத்தா வாய் மூடறதுக்குள்ள திரும்பி வருது. அவகிட்ட சொல்லிப் பாத்துட்டேன். கேக்க மாட்டேங்கறா."

பட்டையன் பொந்துக்குள் தலையை விட்டது. "செம்பி! வெளிய வா. குட்டிங்களைத் தூக்கிட்டு உடனே வா."

"எதுக்கு?" உள்ளேயிருந்து செம்பியின் குரல் வந்தது.

"தண்ணி வருது."

"வெளிய வெயில் அடிக்குது. எங்கண்ணே தண்ணி? ஓ, வேற யாரோ இந்தப் பொந்தைக் கேட்டு வந்திருக்காங்களா? பெரிய ஆளா? அதான் வௌவாலக்காவும் அப்பலேருந்து விரட்டுதா?"

"அப்படியெல்லாம் இல்லம்மா. நம்பு."

"நான் உங்களைத்தான் நம்பறேன். நாலு பேர் முன்னாடி நீங்கதானே மூணு தரம் சொன்னீங்க? வழக்கப்படி அது என் பொந்து. நான் நகர மாட்டேன். நகரணும்னா வழக்கப்படி சொல்லுங்க."

பட்டையன் தலையை வெளியே எடுத்தது. சத்தம் கேட்டு மேட்டிலிருந்த எல்லோரும் கூடிவிட்டார்கள். முயல் இருந்தது, ஆமை இருந்தது, வழக்கமாக ஒதுங்கி வழிவிடும் முள்ளம்பன்றியும் இருந்தது. நாலு பேர் என்ன, நாற்பது பேர் நின்றார்கள்.

ஏழு வருஷம். காலி என்ற சொல் அந்த நாக்கில் எத்தனை சுலபமாக வந்துகொண்டிருந்தது! இப்போது அதே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. பட்டையனுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையாகவும் இருந்தது. ஆனால் பொந்து வாயில் புல் படபடத்துக்கொண்டே இருந்தது.

"காலியில்லை. நான் தப்பாகச் சொன்னேன்."

முயல் ஆமையைப் பார்த்தது.

"காலியில்லை. நான் தப்பாகச் சொன்னேன்."

மூன்றாவது முறை அது கத்தியே சொன்னது. "காலியில்லை! நான் தப்பாகச் சொன்னேன்!"

செம்பி முதல் குட்டியைக் கவ்விக்கொண்டு வெளியே வந்தது. கீழே வைத்துவிட்டு மறுபடி நுழைந்தது. இரண்டாவது குட்டி வந்தது. மூன்றாவது குட்டி வந்தபோது செம்பியின் நாலு காலும் நனைந்திருந்தன. அது மூச்சிரைக்கத் திரும்பி நுழையப் போனது. அதற்குள் குழல் சத்தம் நின்று, குபுகுபுவென்று கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. காற்றுப் போன இடத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது.

பட்டையன் செம்பியைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. பின்னங்கால் நகங்களைப் பொந்தின் விளிம்பில் கொத்திக்கொண்டு, உடம்பு மொத்தத்தையும் இருட்டுக்குள் நீட்டியது. தண்ணீர் கழுத்துக்கு வந்தது. தலை மூழ்கியது. நாக்கை நீட்டித் துழாவியது. இந்த முறை அது தேடியது இல்லாததை அல்ல. நாக்கு நுனியில் கீரிக்குட்டியின் வாசனை பட்டது. பிடரியைக் கவ்வியது.

பாறையைப் பற்றிய கால் வழுக்கவில்லை. அந்தப் பிடிக்குத்தானே உடும்புக்குப் பெயர்? அது பின்பக்கமாகவே இழுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, வாயில் குட்டியோடு நிற்கும் உடும்பைப் பார்த்துச் செம்பி ஒரு கணம் நடுங்கியது. பட்டையன் குட்டியை அதன் காலடியில் வைத்துவிட்டு விலகி நின்றது. குட்டி இரண்டு தும்மல் தும்மிவிட்டுக் கீச்சென்று அழுதது. செம்பி அதை நக்கி நக்கி உலர்த்தியது. அப்போதுதான் கூட்டம் மூச்சு விட்டது.

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொந்து வாய் வழியாகச் செந்தண்ணீர் வழிந்து புல்லின்மேல் பரவியது.

பட்டையன் அண்ணாந்து பார்த்தது. "நொச்சி, நீ ஜெயிச்சிட்ட. காலி இடம் ஒண்ணும் கிடைக்கல. இனிமே இந்த வேலை எனக்கு வேணாம். நீயே பாத்துக்க."

"பகல்ல எல்லாம் என்னால எழுந்திரிக்க முடியாது" என்றது நொச்சி. "உன் நாக்கு நல்ல நாக்குதான். அதை மட்டும் கேட்டதுதான் தப்பு. அடுத்த தடவை நீ நாக்கை விடு, நான் குரல் விடறேன், இந்தக் குருவியும் இருந்தா கூட்டிக்கலாம். உள்ள என்ன இருக்குன்னு அவங்கவங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுவோம். என்ன இல்லன்னு யாரும் சொல்ல வேணாம்."

எல்லோரும் அதை ஒப்புக்கொண்டார்கள். அந்தக் காட்டில் இன்றுவரை அதுதான் வழக்கம். நொச்சி ஒரு கண்ணை மூடியது. பிறகு மற்ற கண்ணையும் மூடித் தூங்கிவிட்டது.

மேற்கே மேகம் கட்டத் தொடங்கியது. கூட்டம் அவரவர் பொந்துக்குக் கலைந்தது. செம்பி மட்டும் நாலு குட்டிகளையும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு போகுமிடம் தெரியாமல் உட்கார்ந்திருந்தது.

"மேட்டு உச்சியில என் பொந்து இருக்கு. வா" என்றது பட்டையன்.

அது முதல் குட்டியைத் தானே கவ்விக்கொண்டு முன்னால் நடந்தது. பாதையின் ஓரமாகத்தான் நடந்தது. இரண்டு நடையில் நாலு குட்டிகளும் உச்சிக்கு வந்து சேர்ந்தன. பொந்து வாயில் செம்பி தயங்கி நின்றது.

"உள்ள காலியா இருக்காண்ணே?"

பழக்கதோஷத்தில் பட்டையனின் நாக்கு வெளியே வந்தது. அது நாக்கை மடக்கிக்கொண்டது.

"காலியில்லம்மா. ஆனா இடம் இருக்கு."

நமக்குத் தட்டுப்படவில்லை என்பதற்காக ஓர் இடத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. உலகத்தில் வெற்றிடம் என்று நாம் கைகாட்டும் இடமெல்லாம், நாம் இன்னும் கவனித்துப் பார்க்காத இடம்தான்.